நம்பிக்கை மையம்: குறை வாசலில், நிறைவு உள்ளறையில்

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைக்குப் போய்வருகிறவர்கள் 'நம்பிக்கை மையம்' என்ற பலகையைக் கட்டாயம் கடந்திருப்பார்கள். சிவப்பு நாடாவை மடித்து ஒட்டியதுபோன்ற சின்னம் ஒரு மூலையில் இருக்கும். கீழே சிறிய எழுத்தில் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை என்று எழுதியிருக்கும். அம்மாவுக்கு மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்கப் போகும் நான், மருந்தகத்து வரிசையில் நின்றபடி அந்தப் பலகையைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருநாளும் யாரையும் கேட்டதில்லை. இந்த ஆண்டு அந்தக் கதவைத் திறந்துகொண்டு நானே உள்ளே போக வேண்டி வந்தது. அதற்கு முன் ஒரு தனியார் ஆய்வகத்திலும் இதே பரிசோதனையைச் செய்துகொண்டிருந்ததால், இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

பரிசோதனைக்குப் போன காரணத்தை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. வெளியூர் வேலைக்குப் போன இடத்தில் ஆணுறையில்லாமல் கழிந்த ஓர் இரவு, அதைத் தொடர்ந்து பன்னிரண்டு நாள் தூக்கமின்மை, அவ்வளவுதான். பன்னிரண்டாம் நாள் காலையில் இனியும் தாங்காது என்று தோன்றி, வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஆய்வகத்துக்குப் போனேன். பெயர் சொல்ல விரும்பவில்லை. சர்க்கரை, தைராய்டு, முழு உடல் பரிசோதனை எல்லாவற்றுக்கும் தள்ளுபடி விலை எழுதிய பதாகை தொங்கும் வழக்கமான ஆய்வகம்தான்.

முன்மேசையில் இருந்த பையன் கணினியைப் பார்த்துக்கொண்டே என்ன பரிசோதனை என்று கேட்டான். நான் குரலைத் தாழ்த்திச் சொன்னதை அவன் உரத்த குரலில் ஒருமுறை திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டான். கெட்ட எண்ணம் ஒன்றும் அதில் இல்லை; சர்க்கரை என்றாலும் அப்படித்தான் கேட்டிருப்பான். ஆனால் நாற்காலிகளில் வெறும் வயிற்றோடு காத்திருந்த ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் தலைநிமிர்ந்தார்கள். 450 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள், ரத்தம் எடுத்தார்கள், மாலைக்குள் அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும் என்றார்கள். எதற்காகச் செய்துகொள்கிறீர்கள், எத்தனை நாளாயிற்று என்று ஒரு கேள்வி இல்லை. ஒப்புதல் கேட்டு ஒரு கையெழுத்தும் இல்லை. அன்றைக்கு அந்தக் கேள்வியின்மையை நான் நாகரிகம் என்று எடுத்துக்கொண்டேன்.

மாலையில் அறிக்கை வந்தது, ஆனால் என் கைப்பேசிக்கு அல்ல. முந்தைய ஆண்டு அம்மாவின் ரத்தத்தைப் பரிசோதிக்க அக்கா அங்கே போயிருந்தபோது கொடுத்த எண்தான் எங்கள் வீட்டு முகவரியோடு அவர்களிடம் பதிவாகியிருந்தது. ஏழு மணி வாக்கில் அக்கா கூப்பிட்டாள். "டேய், உன் பேர்ல ஏதோ ரிப்போர்ட் வந்திருக்கே, என்னடா இது?" என்று கேட்ட அவளுடைய குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. நிறுவனத்தில் எல்லோருக்கும் எடுக்கச் சொன்னார்கள் என்று ஒரு பொய்யைச் சொல்லிச் சமாளித்தேன். அவள் நம்பினாளா என்று இன்றுவரை தெரியாது. அதன் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை.

அறிக்கையில் 'நான் ரியாக்டிவ்' (non-reactive) என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதற்கு நல்லது என்று பொருளா, கெட்டது என்று பொருளா என்பதே முதல் அரைமணி நேரம் எனக்கு விளங்கவில்லை. சோதனையில் கிருமிக்கான அறிகுறி தெரியவில்லை என்பதுதான் அதன் பொருள். ஆய்வகத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோது, "டாக்டர்கிட்ட காட்டுங்க சார்" என்ற பதிலோடு இணைப்பு துண்டிக்கப்பட்டது. எந்த டாக்டரிடம் என்று நான் கேட்பதற்குள் அடுத்தவர் வரிசையில் வந்துவிட்டார் போலும்.

இந்த இடத்தில் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 2017-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், பரிசோதனைக்கு வருபவரிடம் விவரம் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது, அந்த ஒப்புதலில் பரிசோதனைக்கு முன்னும் பின்னும் தரப்படும் ஆலோசனையும் அடங்கும் என்கிறது, ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவருடைய சம்மதமின்றிப் பிறருக்குத் தெரிவிப்பதையும் தடுக்கிறது. இது அரசு மையத்துக்கு மட்டுமான விதி அல்ல. அந்த ஆய்வகத்தில் எனக்கு நடந்ததை இந்தச் சட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 450 ரூபாய்க்கு ஊசிக்குத்து மட்டுமே கிடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்றிரவு 1097 என்ற எண்ணை அழைத்தேன். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு நடத்தும் கட்டணமில்லா உதவி எண் அது. தமிழிலேயே பேசினார்கள். பெயரைக் கேட்கவில்லை. நான் சொன்ன தேதியைக் கேட்டுவிட்டு, பன்னிரண்டாம் நாளில் எடுத்த பரிசோதனையை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது, இன்னும் சில வாரம் கழித்து அருகிலுள்ள நம்பிக்கை மையத்துக்குப் போங்கள் என்று எதிர்முனைப் பெண் நிதானமாகச் சொன்னார். மருத்துவரின் கடிதம் எதுவும் வேண்டாம், நேராகப் போகலாம், செலவில்லை என்பதையும் அவர்தான் சொன்னார்.

ஐந்தாவது வாரம் போனேன். முதல் நாள் போனது வீண். ஆலோசகர் ஏதோ பயிற்சிக் கூட்டத்துக்குப் போயிருப்பதாகக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எப்போது வருவார் என்று அதில் இல்லை. அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஒரு வாரமாக மனத்தைத் தேற்றித் தயார்செய்துகொண்டு போகிறவனுக்கு அந்தத் தாள் எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்பதைச் சொன்னால் சிரிப்பீர்கள். திரும்பி வரும்போது ஓடித் தப்பித்ததுபோல்தான் இருந்தது. அப்படித் தப்பித்தவர்களில் எத்தனை பேர் மறுபடி வருவார்கள் என்று மருத்துவமனை நிர்வாகம் யோசிக்க வேண்டும். ஒரே ஓர் ஆலோசகரை வைத்து நடக்கும் மையத்தில் அவர் இல்லாத நாளை முன்கூட்டியே அறிவிப்பது பெரிய காரியம் அல்ல.

இரண்டு நாள் கழித்து மறுபடி போனேன். இந்தச் சேவையின் மிகப் பெரிய குறை அங்கேதான் இருக்கிறது, கதவுக்கு வெளியே. நான் சென்ற மருத்துவமனையில் மையத்துக்கு வெளியே நான்கு இரும்பு நாற்காலிகளைப் போட்டிருக்கிறார்கள். அவற்றில் உட்கார்ந்தால் எதிரே மருந்தக வரிசை, நேருக்கு நேர். தலைக்கு மேல் பலகை. அந்த நாற்காலியில் அமர்ந்திருப்பவர் எதற்காக வந்திருக்கிறார் என்பதை வரிசையில் நிற்கும் நாற்பது பேரும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். அம்மாவின் மாத்திரைக்காக நான் நின்ற அதே வரிசை. நானும் இத்தனை ஆண்டுகளாக அந்த நாற்காலிகளில் இருந்தவர்களை அப்படித்தான் பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கர்ப்பிணிகளுக்கும் காசநோயாளிகளுக்கும் இந்தப் பரிசோதனை வழக்கமாகவே செய்யப்படுவதால், அங்கே காத்திருப்பவர்களில் பலர் அவர்கள்தான். என் பக்கத்து நாற்காலியில் ஏழு மாத வயிற்றோடு ஒரு பெண், மடியில் தாய்-சேய் அட்டையை வைத்துக்கொண்டு, மாமியாரோடு பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு அது ரத்தப் பரிசோதனைகளில் ஒன்று. எனக்கு மட்டும்தான் நாற்காலி சுட்டது.

உள்ளே இரண்டு அறைகள். முதல் அறை ஆலோசகருடையது. மேசை, மூன்று நாற்காலி, சுவரில் சில வண்ணத் தாள்கள், மூலையில் ஆணுறைகள் நிரம்பிய ஒரு பெட்டி. ஆலோசகருக்கு ஐம்பது வயது இருக்கும். "கதவைச் சாத்திட்டு உக்காருங்க தம்பி" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் மதிப்பெண் கொடுக்க வேண்டுமானால் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

பெயர், வயது, ஊர் ஆகியவற்றை எழுதிக்கொண்டார். ஆதார் அட்டை கேட்கவில்லை. எனக்கு ஓர் எண்ணைக் கொடுத்து, ரத்தக் குப்பியில் பெயருக்குப் பதிலாக அந்த எண்தான் இருக்கும் என்றார். பிறகு, எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் சுற்றி வளைத்துப் பேசத் தொடங்கியபோது, "ஆணுறை போட்டீங்களா?" என்று சமையல் பற்றிக் கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டு என் சங்கடத்தை வெட்டினார். இல்லை என்றேன். எத்தனை நாளாயிற்று என்றார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. இந்த முகம் எத்தனை ஆயிரம் பேருக்குப் பழகியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

பழைய நோட்டு ஒன்றின் பின்பக்கத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். ஒரு முனையில் அந்த இரவின் தேதி. அங்கிருந்து கொஞ்சம் தள்ளி, மூன்று நாள் என்று ஒரு புள்ளி. நடந்தது நடந்துவிட்டது என்ற நிலையில் 72 மணி நேரத்துக்குள் வந்திருந்தால், 28 நாள் சாப்பிடும் தடுப்பு மாத்திரை பற்றி மருத்துவரைக் கேட்டிருக்கலாம் என்றார். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது என்றும் சொன்னார். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அடுத்த புள்ளி பன்னிரண்டாம் நாள்: என் 450 ரூபாய். கிருமி உடலுக்குள் போயிருந்தாலும், அதை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிரணுக்கள் கருவியில் தெரியும் அளவுக்குச் சேர வாரக்கணக்கில் ஆகும், இடைப்பட்ட காலத்தில் எடுத்தால் இல்லை என்றே காட்டக்கூடும் என்று விளக்கிவிட்டு, அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு அடித்தார். அடுத்தது அன்றைய தினம். கோட்டின் மறுமுனையில் மூன்று மாதம். "இன்னைக்கு எடுத்துப் பார்ப்போம். நல்லதா வந்தாலும் மூணு மாசம் முடிஞ்சு ஒருதடவை வரணும். அதுவரைக்கும் யார்கூடவும் ஆணுறை இல்லாம இருக்கக் கூடாது, ரத்ததானம் பண்ணக் கூடாது."

ரத்ததானத்தை அவர் குறிப்பாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ரத்த வங்கியில் எப்படியும் பரிசோதிப்பார்களே, கொடுத்துவிட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த எண்ணம் வந்துபோனது. அந்த இடைக்காலத்தில் கொடுக்கும் ரத்தம் பரிசோதனையில் சிக்காமல் இன்னொருவர் உடம்புக்குள் போகக்கூடும் என்று கேட்டபோது வெட்கமாக இருந்தது.

முடிவு பாசிட்டிவ் என்று வந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டார். இந்தக் கேள்வி தனியார் ஆய்வகத்தில் வராது. நான் பதில் தேடிக்கொண்டிருக்கையில் அவரே தொடர்ந்தார். 2004 ஏப்ரலில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை உள்ளிட்ட எட்டு அரசு மருத்துவமனைகளில் தொடங்கிய இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை இன்று மாவட்டங்கள்தோறும் கிடைக்கிறது. முன்பெல்லாம் எதிர்ப்புச் சக்தி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கும்வரை காத்திருக்க வேண்டும், 2017-இலிருந்து பாசிட்டிவ் என்று தெரிந்த எல்லோருக்கும் உடனே சிகிச்சை உண்டு. பெரும்பாலானோருக்கு நாளுக்கு ஒரு மாத்திரைதான். ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால் உடலுறவின் மூலம் பிறருக்குப் பரவாது. நான் பள்ளியில் படித்தபோது எய்ட்ஸ் என்றால் மரணம் என்றுதான் சுவர்கள் சொல்லின. 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு முழுவதும் புள்ளிராஜா என்ற கற்பனை மனிதரை வைத்து 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று கேட்ட விளம்பரப் பலகைகளை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க முடியாது. அந்தக் கேள்வி ஊரெல்லாம் பேசப்பட்டது உண்மை. எங்கள் வகுப்பில் ராஜா என்ற பெயரோடு இருந்தவன் பட்ட பாடும் உண்மை. வருமா என்று கேட்டவர்கள், வந்தால் என்ன செய்யலாம் என்பதை எங்கள் காதில் விழும்படி சொன்னதாக எனக்கு நினைவில்லை. அதை நான் கேட்டது இருபது ஆண்டு கழித்து இந்த அறையில்தான்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, இரவில் வியர்க்கிறதா என்று காசநோய்க்கான கேள்விகளையும் வரிசையாகக் கேட்டுவிட்டு, உடலுறவால் தொற்றும் மேகநோய்க்கும் (சிபிலிஸ்) அதே ரத்தத்தில் பார்த்துவிடலாம் என்றார். ஒப்புதல் படிவத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். படிக்கும் வரை காத்திருந்தார்.

அடுத்த அறை ஆய்வகம். நுட்புநர் ஓர் இளைஞர். கையுறை மாற்றி, புதிய ஊசியின் உறையை என் கண்ணெதிரே பிரித்து, முழங்கை மடிப்பிலிருந்து ரத்தம் எடுத்தார். குப்பியைச் சுழலும் இயந்திரத்தில் வைத்ததும் அது மிக்சி ஓடுவதுபோல ஓசையிட்டது. தெளிந்த நீரைப் பிரித்துச் சோதனை அட்டையில் விடுவார்களாம்; அட்டையில் முதலில் கட்டுப்பாட்டுக் கோடு தோன்ற வேண்டும், அது வராவிட்டால் அந்த அட்டையே செல்லாது, வேறொன்றில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதல் சோதனையில் கிருமிக்கான அறிகுறி இல்லையென்றால் இல்லை என்றே அறிக்கை. இருப்பதுபோல் காட்டினால் உடனே பாசிட்டிவ் என்று சொல்லிவிடுவதில்லை; வெவ்வேறு முறையில் இயங்கும் இன்னும் இரண்டு அட்டைகளில் அதே ரத்தத்தைப் பார்த்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் பாசிட்டிவ். முடிவுகள் முரண்பட்டால் சில வாரம் கழித்து மறுபடி வரச் சொல்வார்கள். சின்ன மையங்கள் சிலவற்றில் முதல் சோதனை மட்டும் உண்டு. அதில் சந்தேகம் என்றால் பெரிய மையத்துக்கு அனுப்புவார்கள். ஓர் அட்டையில் தெரியும் ஒற்றைக் கோட்டை வைத்து யாரும் உயிரை மாய்த்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதை இந்த ஏற்பாட்டைக் கேட்ட பிறகுதான் புரிந்துகொண்டேன்.

ஒரு மணி நேரத்துக்குள் முடிவு கிடைத்தது. காத்திருந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல் சென்னையில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளைச் சோதிக்க அன்று சென்னையில் வசதியில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு ரயிலில் கொண்டுபோனார்கள். இன்று என் ரத்தம் பக்கத்து அறை வரைதான் போனது.

முடிவை நுட்புநர் சொல்லவில்லை. நான் கேட்டேன், "மேடம் சொல்வாங்க" என்று சிரித்தார். முடிவு ஆலோசகர் வாயால், கதவு சாத்திய அறையில், சம்பந்தப்பட்டவரிடம் நேரில் மட்டும்தான். தொலைபேசியில் கிடையாது, கூட வந்த உறவினரிடம் கிடையாது. அக்காவின் வாட்ஸ்அப்பை நினைத்துக்கொண்டேன். 'நான் ரியாக்டிவ்' என்று எழுதிய தாளைக் கையில் கொடுப்பதற்கு முன், அதற்கு என்ன பொருள், எந்தத் தேதிவரை நடந்தவற்றுக்கு அது பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டு, மூன்று மாதம் முடியும் தேதியைத் தாளின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தார்.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் இது மதிப்பீடு ஆகாது. நாற்காலிகளைச் சொல்லிவிட்டேன். வெளிநோயாளிகள் பார்க்கும் காலை நேரத்தோடு ஒட்டியே மையத்தின் கூட்டமும் வேலையும் இருப்பதால், தினக்கூலிக்குப் போகிறவர் ஒருநாள் சம்பளத்தை இழந்துதான் வர வேண்டியிருக்கிறது. சேவை இலவசம் என்பது அவருக்கு முழு உண்மை அல்ல. அறையின் கதவு சாத்தினாலும் தாழ் சரியாக விழவில்லை. நான் பேசிக்கொண்டிருந்த இருபது நிமிடத்தில் இரண்டுமுறை யாரோ எட்டிப் பார்த்தார்கள். ஆலோசகர் பேச்சை நிறுத்தி, "வெளியில இருங்க, கூப்பிடுறேன்" என்றார். ஒப்பந்த அடிப்படையில், ஆண்டுதோறும் நீட்டிக்கப்படும் வேலையில் இருப்பவர் அவர். ஒருவருக்கு இருபது நிமிடம் கொடுக்கும் பொறுமையை எங்கிருந்து பெறுகிறார் என்று தெரியவில்லை. இன்னொரு மையத்தில் இதே அளவு பொறுமை கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. நான் மதிப்பிடுவது நான் கண்ட ஒரு மையத்தை.

ஆயினும் தனியார் ஆய்வகமா, நம்பிக்கை மையமா என்று கேட்டால் தயங்காமல் மையத்தைச் சொல்வேன். இரண்டு இடத்திலும் ரத்தம் எடுத்தார்கள், இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான் விடையாக வந்தது. அந்தச் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்பது ஓரிடத்தில்தான் தெரிந்தது.

மூன்று மாதம் முடிந்து போனேன். கதவில் தாள் ஒட்டும் இடத்தில் இப்போது ஒரு சிறிய கரும்பலகை மாட்டி, அந்த வாரத்தில் ஆலோசகர் இல்லாத நாளைச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தார்கள். நாற்காலிகள் அதே இடத்தில், மருந்தக வரிசையைப் பார்த்தபடி. நான் உட்கார்ந்த சிறிது நேரத்தில் இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஒருவர் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு அமர்ந்து, கைப்பேசியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, தலையைத் தூக்காமலேயே கேட்டார்: "அண்ணா, உள்ளே என்ன கேப்பாங்க?"

"தேதி கேப்பாங்க" என்றேன். "சரியான தேதியைச் சொல்லுங்க. மத்ததை அவங்க பாத்துக்குவாங்க."

அவர் கைப்பேசியில் நாட்காட்டியைத் திறந்தார்.